பல்செட்காரரின் பொக்கை வண்டி

பந்தயம் சின்னதுதான். காட்டில், வண்டிக்குள், அக்கா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டால் வண்டி மாமாவிடமே இருக்கும். தூங்காவிட்டால் மறுநாளே எதிர்வாடைக் கோழிக்கடைக்காரருக்குப் போய்விடும். அவர் அதில் கூண்டு அடுக்கிக் கோழி ஏற்றுவார்.

இரண்டு தரப்புக்கும் நான்தான் சாட்சி. கூடப் பிறந்த தம்பி என்பதால் அக்கா என்னை நம்பினாள். எட்டு மாதம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் பிடித்தவன் என்பதால் அவள் புருஷனான மாமாவும் நம்பினார். கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறவன் எண்ணிக்கையில் ஏமாற்ற மாட்டான் என்று கோழிக்கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். அவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் அக்காவைத் தூங்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வலது இடுப்பில் அறுவை செய்து தகடும் திருகாணிகளும் வைத்திருந்தார்கள். அதனால் இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். முகத்துக்கு நேரே சுவர் இருந்தால் மூச்சு முட்டும், ஜன்னல் வேண்டும். காதோரம் குறட்டை கேட்கக் கூடாது. மாமாவோ, லாரியைப் பின்னால் எடுப்பது போலக் குறட்டை விடுகிறவர். வீட்டில் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, அவரை முதுகுப் பக்கம் தள்ளி, ஒரு தலையணையைக் காதின் மேல் கவிழ்த்து, எல்லாம் கூடிவந்தால் நாலு மணி நேரம் தூங்குவாள். பிறகு எழுந்து சமையலறை அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். தெருவிலேயே சுத்தமான அலமாரி அவளுடையதுதான்.

இப்படிப்பட்டவளைப் பழைய ஜீப்புக்குள் தூங்க வைத்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சவால் விட்டார் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

மாமா பல்செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் முன்னறையில் வெளிச்சமாக உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்லுவார். பின்னால் ஜன்னலே இல்லாத அறையில், மெழுகு வாசனைக்கும் பிளாஸ்டர் தூளுக்கும் நடுவில், மாமா முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார். மெழுகில் பற்களை நட்டு ஒரு மாதிரி செட் செய்வார். அதை ஆளுடைய வாயில் வைத்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் நிஜ செட். அப்புறம் நீலத்தாள். கார்பன் தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும். பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தால், எந்த இடம் அதிகமாகத் தட்டுகிறதோ அங்கே நீலப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் அரைத்து எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் செட் ஆடிவிடும்.

"எங்க இடிக்குது?" இதுதான் அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே கேள்வி. புதுச் செருப்பு வாங்கி வந்தாலும் கேட்பார். எனக்குத் துறைத்தலைவரோடு தகராறு வந்தபோதும் அதையேதான் கேட்டார். "எங்க இடிக்குது மாப்ள? அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் அரம் போடு. மொத்தமா உடைச்சுப்புடாத."

ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது. ஆனால் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது திடீரென்று என் முழங்கையைப் பிடிப்பார். "திரும்பாத மாப்ள. அந்த மஞ்சள் சட்டை. மேல்வரிசை நம்ம சரக்கு."

"போய்ச் சொல்லுங்களேன் மாமா."

"சொன்னா சிரிப்பை நிறுத்திடுவாரு."

தொழிலில் அவருக்கு இன்னொரு பழக்கம். வாயைப் படம் வரைந்தால், எதிரில் நின்று பார்ப்பது போலத்தான் வரைவார். ஆளுடைய வலது பக்கம் தாளில் இடது பக்கமாக விழும். எல்லாப் பல்செட்காரர்களும் அப்படித்தான். முப்பத்தொரு வருடம் அப்படியே வரைந்த கை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வண்டியை அவர் கண்டது, மின்கம்பி இழுக்கும் ஒரு குத்தகைக்காரரின் கிடங்கில். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப். இருபத்தாறு வயது. முன் கிரில்லில் பத்துப் பட்டைகள் நிற்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தன. நடுவில் மூன்று பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை. அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய சாயங்காலம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்னங்க இது, பொக்கை வாயோட?"

"அதனாலதான் நம்மகிட்ட வந்திருக்கு."

"இதுல எங்க போகப் போறீங்க?"

"காட்டுக்கு."

"காட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான்."

ஜன்னல் இல்லாத அறையில் முப்பத்தொரு வருடம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அக்காவும் போட்டிருப்பாள். ஆனால் சொன்னது வேறு. "எண்ணெய் ஒழுகுது. கீழ ஏதாவது வைங்க. வாசல் நேத்துதான் கழுவினது."

அன்றிலிருந்து வண்டிக்குப் பெயர் பொக்கை.

மற்றவர்கள் பழைய ஜீப்பைச் சரிசெய்யும்போது சுத்தியலை எடுப்பார்கள். மாமா பல் துளைக்கும் சின்ன மின்துரப்பணத்தை எடுத்தார். நாலு சக்கர லிவர் துருப்பிடித்து அசையாமல் கிடந்தது. வெல்டர் வந்து பார்த்துவிட்டு, "சார், ரெண்டு அடி போட்டா கழண்டுடும்" என்றார். மாமா துடித்துப்போனார். "அடிக்கறதா? வேரோட வந்துடும்யா." மூன்று ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் படுத்து, துருவை ஈறு சுத்தம் பண்ணுவது போலப் பொடிப்பொடியாக எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன். நாலாவது ஞாயிறு லிவர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வெல்டர் தன் சுத்தியலைப் பார்த்துக்கொண்டார்.

வெல்டரும் மாமாவுமாக ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். சேற்றைக் கவ்வுகிற டயர்கள் மாட்டினார்கள். கியர் குமிழ் உடைந்திருந்தது. மாமா புதுசு செய்தார், பல்செட்டின் ஈறுக்குப் பயன்படுத்தும் ரோஜா நிறப் பொருளில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தொடத்தான் கூச்சமாக இருந்தது. முதல் முறை கியர் மாற்றியபோது யாருடைய வாயிலோ கை விட்டது போல இருந்தது.

விழுந்த மூன்று பட்டைகளையும் பக்கத்துப் பட்டையில் அச்செடுத்து இரும்பில் செய்தார். அப்புறம் பெயின்ட். கடைக்காரர், "வெள்ளைதானே சார்?" என்று கேட்டுத் தப்புச் செய்துவிட்டார்.

"எந்த வெள்ளை?"

"வெள்ளைன்னா வெள்ளைதான் சார்."

மாமா சட்டைப்பையிலிருந்து, பொய்ப்பற்களை வரிசையாகக் கோத்த நிறப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஓரடி தள்ளிப்போனார். "இது பதினாறும் வெள்ளைதான். பாருங்க. இருபத்தாறு வருஷம் டீசல் புகை பிடிச்ச வாய். அதுக்குப் பளிச்னு அடிச்சா பொய்ப்பல்லுன்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்." கடைசியில் பதினோராவது வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்துப் பட்டைகளோடு அப்படியே ஒத்துப்போனது. எது புதுசு எது பழசு என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டால், "கண்டுபிடிச்சிட்டா என் தொழிலுக்கு அவமானம்" என்பார்.

கதவுகளில் தூசி புகாமல் இருக்க ரப்பர் பீடிங் ஒட்டினார். அங்கேயும் நீலத்தாள்தான். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தாளை வைத்து மூடித் திறந்து, பொட்டு விழுந்த இடத்தைத் தேய்த்து, விழாத இடத்தில் ஒட்டுப்போட்டு, அப்படி ஒரு பொருத்தம். கொஞ்சம் அதிகப் பொருத்தம். மற்றக் கதவுகள் மூடியிருந்தால் கடைசிக் கதவு மூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி இல்லாமல் கதவைத் திருப்பித் தள்ளிவிடும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால்தான் 'டொப்' என்று சாத்திக்கொள்ளும். "ஒட்டு இப்படி இருந்தா பல்செட் நூறு வருஷம் நிக்கும்" என்று மாமா பூரித்தார். அக்கா மூன்று முறை கதவை அறைந்துவிட்டு, "நாம ஏறணுமா, இல்ல ஊறுகாய் போடணுமா?" என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் கோழிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். கையில் காலிக் கூண்டு ஒன்று. அனுமதி கேட்காமல் பின்னால் ஏற்றி வைத்து, நகர்த்தி, மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார்.

"சார், தாராளமா முப்பது கூண்டு நிக்கும்."

"கோழிக்கு எதுக்குய்யா நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி?"

"பண்ணைக்குப் போற வழி முழங்கால் சேறு சார். நீங்க என்னிக்கு விக்கறீங்களோ அன்னிக்கு நான் வாசல்ல நிப்பேன்."

"நான் எங்கய்யா விக்கறேன்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லல. அம்மா முகத்தைப் பார்த்தா தெரியுது."

அக்கா சிரித்துவிட்டாள். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"இந்தாங்க, ஒரே ஒரு ராத்திரி. இதுக்குள்ள நான் முழுசாத் தூங்கிட்டேன்னா வண்டி உங்களுது. நான் வாயைத் திறக்க மாட்டேன். தூங்கலைன்னா அவர் கோழிக்கு."

மாமா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பொக்கையின் முகத்தை நின்று பார்த்தார். அதை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள். நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கி இரண்டு வருடம் ஆன பெண்ணை நம்பி வண்டியைப் பணயம் வைக்க வேண்டும்.

"சரி," என்றார். "ஆனா அளவெடுக்க விடணும்."

அந்த ஒரு வார்த்தைக்கு ஒத்துக்கொண்டது தன் தவறு என்று அக்கா பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஏனென்றால் மாமாவால் எதையும் நேரடியாகச் செய்ய முடியாது. முதலில் மெழுகு செட் வேண்டும். படுக்கைக்கு மெழுகு செட் அட்டைப்பெட்டி. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைகளை வெட்டி, கூடத்தின் நடுவில் ஜீப்பின் பின்பாகத்தை அப்படியே எழுப்பினார். சுவர், கூரை, சக்கர மேடு எல்லாம். விளிம்புகளில் தையல்காரரின் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார்.

"இப்ப படு. புரண்டு படு. எழுந்து உட்காரு. எங்க இடிக்குது?"

அக்கா வெளியே வந்தபோது நெற்றியில் ஒரு நீலக்கோடு, முழங்கையில் இரண்டு, நைட்டியின் முதுகில் ஒரு பெரிய வட்டம். மாமா நாடாவை வைத்து அவளையே அளந்து எழுதிக்கொண்டார். படுக்கை ஒரு விரல் இறங்கியது. பக்கத் தட்டு ஒரு விரல் குறைந்தது. மறுபடி சுண்ணம். இப்படி எட்டு தடவை. ஏழாவது தடவையின்போது பால் போடுகிறவர் வந்து கதவைத் தட்ட, அக்கா நெற்றியில் நீலக்கோட்டோடு போய்த் திறந்தாள். அவர் பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். எட்டாவதில் ஒரு பொட்டும் விழவில்லை.

"முடிஞ்சுது இல்ல?" என்றாள் அக்கா. "இனிமே நான் காட்டுலதான் படுப்பேன். அதுவரைக்கும் அந்தப் படுக்கையில காலை வைக்க மாட்டேன்."

மாமா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ஜீப்புக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைசி அளவுகளைப் படமாக வரைந்தார். பின் இருக்கைகளைக் கழற்றி பிளைவுட் மேடை அடித்தார். மேடைக்குக் கீழே பின்புறமாக இழுக்கிற பலகை. அதுதான் அடுப்பும் பாத்திரமும் நிற்கும் சமையலறை. மேலே மூன்று துண்டு மெத்தை. நடுத்துண்டில் அக்காவின் இடுப்புக்கு என்று ஒரு குழி. பக்கத் தகரத்தை வெட்டி, அவள் முகம் வரும் இடத்தில் ஒரு ஜன்னல், கொசுவலையோடு. ஜன்னலுக்குக் கீழே மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு நாள் தேய்த்தார்.

புறப்பட்ட நாள் கோழிக்கடைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு வழியனுப்ப வந்தார். "பார்த்து ஓட்டுங்க சார், வண்டியில கீறல் விழாம" என்றார். ஏற்கெனவே தன் வண்டி என்ற நினைப்பு.

மூன்று மணி நேரம் தார்ச்சாலை. பிறகு கல்குவாரிப் பாதை. பிறகு பாதை என்று எதுவும் இல்லை. குறுக்கே ஒரு ஓடை ஓடியது. மாமா இறங்கி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் ஓடையின் அடியைத் தட்டித் தட்டி நடந்தார். திரும்பி வந்து டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். "வலது ஓரம் ஒரு கடைவாய்ப் பல் மாதிரி பாறை இருக்கு. அதை விட்டு இடது பக்கமாப் போயிடலாம்."

அந்த நாலு சக்கர லிவரை அவர் இரண்டு விரலால் தள்ளினார். பொக்கை ஓடையில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, உறுமி, எதிர்க்கரையில் நாலு காலாலும் பற்றி ஏறியது. அக்கா கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா! திருகாணி கழண்டு கையில வந்துடும்!"

"வந்தா பத்திரமா வை. நான் போட்டுத் தரேன்."

அவள் அவரை அடித்தாள். அடித்த கை சிரித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.

ஓடையைத் தாண்டி ஒரு ஏரி. யாரும் இல்லை. மாமா சொன்னது போல ஒன்றுமே இல்லை. சக்கரங்களுக்குக் கீழே தட்டைக் கற்களை வைத்து, மேடையின் மேல் பாதி நிரம்பிய தண்ணீர்ப் புட்டியைப் படுக்க வைத்து, மட்டம் பார்த்தார். தேநீர் போட்டோம். ரொட்டியும் முட்டையும் தின்றோம். எனக்கு வெளியே ஒரு மடக்குக் கட்டில். வெளிச்சம் இருக்கும்போதே அக்கா எழுந்தாள். "சரி, பரீட்சைக்குப் போறேன்" என்று சொல்லி முதல் முறையாகப் பின்பக்க மேடையில் ஏறினாள். மாமாவும் ஏறித் தன் பக்கம் படுத்துப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

பிளைவுட் மேடை முனகியது. பிறகு அக்காவின் குரல்.

"என்னங்க."

"எங்க இடிக்குது?"

"எங்கயும் இடிக்கல. ஆனா நான் ஏன் உங்க மூஞ்சியப் பார்த்துட்டுப் படுத்திருக்கேன்?"

மாமா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால இருக்கு. கண்ணாடித் தட்டும் பின்னால. இடது பக்கம் ஒருக்களிச்சா நேரா உங்க வாய்தான். திறந்த வாய்."

நான் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஜன்னல், தட்டு, குழி எல்லாமே மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன, எதிர்ப்பக்கத்தில். மாமா கீழே இறங்கி, பையிலிருந்து படத்தை எடுத்தார். அதைக் கையில் பிடித்தபடி வண்டியின் முன்னால் போய் நின்றார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்தார். வரைந்தது எதிரில் இருந்து. பொருத்தியது உள்ளே உட்கார்ந்து. பொக்கையின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கை ஒரு வாயைத்தான் வரைந்திருக்கிறது.

இடத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை. அக்காவின் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெறும் தகரம். அவள் படுத்துப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிட்டாள்.

மாமா கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "விடு மாப்ள. தப்பு என்னோடது. முப்பத்தொரு வருஷத்துல ஒரு செட்டு திரும்பி வந்ததில்ல. நாளைக்குக் கோழிக்கே கொடுத்துடலாம்." அவர் அப்படிச் சொன்னபோது வண்டியைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா ஜெயித்துவிட்டாள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் உள்ளே எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. தலையணை ஒன்று பின்கதவு வழியாக வந்து விழுந்தது.

"டேய், இந்தச் சமையல் பலகையை வெளிய இழு."

இழுத்தேன்.

"என் எடையைத் தாங்குமான்னு உங்க மாமாவைக் கேளு."

"ரெண்டு பேரைத் தாங்கும்" என்றார் மாமா, கல்லிலிருந்து எழாமல்.

"நான் தலையை மட்டும்தான் வைக்கப் போறேன். அடுப்பை எடுத்துட்டு மெத்தையைப் போடு. குழி இருக்கற துண்டைப் பின்னால தள்ளு. கொசுவலையைக் கதவுல கட்டு." அவள் தலையை வண்டிக்கு வெளியே பலகையில் வைத்து, உடம்பை உள்ளே நீட்டி, இடது பக்கம் ஒருக்களித்தாள். முகத்துக்கு எதிரே சுவரும் இல்லை, வாயும் இல்லை, ஏரிதான் இருந்தது. ஓட்டிலிருந்து தலையை நீட்டிய ஆமை மாதிரி இருந்தாள்.

"அவர் தலையை அந்தப் பக்கமே வெச்சுப் படுக்கட்டும். குறட்டை என் காலுக்குக் கேக்கும். காலுக்குக் காது இல்ல."

"நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படறே? நீதான் ஜெயிச்சாச்சே" என்றேன்.

"படுத்துப் பார்க்காமலே ஜெயிச்சேன்னு அந்தக் கோழிக்காரர் நாளைக்குப் பேசுவார். எனக்கு அது தேவையா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது மணி பத்து நிமிடம். எழுதி வைத்தேன்.

விடிந்து நான் கண்விழித்தபோது, மடக்கு ஸ்டூலில், போர்வையைப் போர்த்திக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார். தான் தூங்கினால் குறட்டை வரும், வந்தால் எல்லாம் போச்சு என்று இறங்கி வந்துவிட்டாராம். அக்கா பலகையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை ஒன்று அவளிடமிருந்தே வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். காக்கை ஒன்று வண்டிக் கூரையில் வந்து உட்கார்ந்தது. மாமா சத்தம் போடாமல் இரண்டு கையையும் வீசி அதனிடம் மன்றாடினார். எங்கிருந்தோ ஓர் எருமை வந்து கழுத்து மணியை ஆட்டியது. அவர் ஓடிப்போய் மணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அதனோடு சேர்ந்தே ஏரிக்கரை வரை நடந்து விட்டுவிட்டு வந்தார். கெட்டில் விசில் அடிக்கும் என்று எனக்குத் தேநீர் தரவில்லை. தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடினார்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு அக்கா கண் திறந்தாள்.

"மணி என்ன?"

"எட்டு ஆகப் போகுது" என்றேன்.

"பொய்."

கடிகாரத்தைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து, தலைமுடியில் புதர்ச் சருகோடு நின்றார்.

"நீங்க தூங்கினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பந்தயத்துல என் தூக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப இது செல்லாது. குறட்டையே இல்லாம தூங்கினா அது என்ன தூக்கம்? ஒழுங்கா ரெண்டு பேரும் படுத்து, சரியா இன்னொரு தடவை பார்க்கணும்."

மாமா தலையைச் சாய்த்துக்கொண்டு யோசிப்பது போல நின்றார். "நியாயம்தான்" என்றார்.

இரண்டாம் தடவை மழை பெய்தது. மழைச் சத்தத்தில் குறட்டை கேட்கவில்லை, அதனால் செல்லாது. மூன்றாம் தடவை ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டிருந்தாள். மருந்துத் தூக்கம் கணக்கில் வராது. ஐந்தாவதில் நான் வாங்கிய தலையணை புதுசு. ஒன்பதாவதில் அவளுக்கே காரணம் கிடைக்கவில்லை; "என்னமோ சரியில்ல" என்று மட்டும் சொன்னாள். மாமா ஒவ்வொரு தடவையும், "நியாயம்தான்" என்றார். மூன்றரை வருடத்தில் பதினான்கு ராத்திரி. சாட்சி என்ற முறையில் எல்லாவற்றுக்கும் போனேன். கோழிக்கடைக்காரர் இதற்கிடையில் வேறு சின்ன லாரி வாங்கிவிட்டார். ஆனாலும் நாங்கள் திரும்பி வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலில் நின்று, "என்ன ஆச்சு சார்?" என்பார். "வழக்கு நடக்குதுய்யா" என்பார் மாமா.

தவறான பக்கத்தில் இருந்த ஜன்னலை மாற்றிவிடலாம் என்று நாலு தடவை சொன்னேன். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தட்டில் மாமா தன் கண்ணாடியை வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

மாமா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை மேசையில், கையில் யாருடைய கீழ்த்தாடையோ. டாக்டர் வந்து பார்த்தபோது, மாமா மெழுகு அடுப்பை அணைத்து வைத்திருந்தாராம். அதைத்தான் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை. அலமாரிகள் மறுபடி பளபளக்க ஆரம்பித்தன.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கோழிக்கடைக்காரர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் கூண்டு இல்லை.

"வண்டி நின்னுட்டே இருந்தா கெட்டுப்போயிடும்மா. அதுக்குத்தான் கேக்கறேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல."

"தீர்ப்பு வராம எப்படிங்க கொடுக்கறது?" என்றாள் அக்கா. "சாட்சி இவன்தான். கேளுங்க."

நான் வண்டிக்குள்ளிருந்து தூக்கக் கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். அதை வாசிக்கும் நாள் ஒன்று வரும் என்று நினைத்ததில்லை. "பதினாலு ராத்திரி. ரொம்பக் கம்மியா தூங்கினது ஆறே முக்கால் மணி நேரம், தலையணை புதுசா இருந்தப்ப. ரொம்ப அதிகம், முதல் தடவை, பத்தே முக்கால். சராசரி எட்டு மணி இருபது நிமிஷம்."

அக்கா விரல்களால் புடவைத் தலைப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப முதல் தடவையே ஜெயிச்சிட்டாரா?"

"முதல் தடவையே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா ஒவ்வொரு தடவையும் நியாயம்தான், நியாயம்தான்னார்?"

அவள் ரொம்ப நேரம் பொக்கையின் முகத்தையே பார்த்தாள். பத்துப் பல்லும் வரிசையாக இருந்தன.

"அப்ப நான் மூணரை வருஷமா எதுக்கும்மா வாசல்ல நின்னேன்?" என்றார் கோழிக்கடைக்காரர்.

"நல்லதாப் போச்சு, இன்னும் கொஞ்சம் நில்லுங்க. பேட்டரி இறங்கியிருக்கும். தள்ள ஆள் வேணும்." அக்கா உள்ளே போய்த் தலையணையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். "என்னடா நிக்கறே? டயர்ல காத்து பாரு. இருட்டறதுக்குள்ள ஓடையைத் தாண்டணும். கடைவாய்ப் பல் வலது ஓரம், மறந்துடாத."

கோழிக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோளைக் கொடுத்தார். தெருமுனையில் பொக்கை இருமி, கறுப்பாக ஊதி, உயிர் பிடித்தது. அதுவரை கதவைத் திறந்துபோட்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்த நான் அதைச் சாத்தினேன். அது திரும்பி வந்தது. மறுபடி சாத்தினேன். மறுபடி வந்தது. பலம் கொண்ட மட்டும் அறைந்தேன்.

"எங்க இடிக்குதுன்னு முதல்ல பாருடா" என்றாள் அக்கா, தன் பக்கத்து ஜன்னலை ஒரு விரல் இறக்கிக்கொண்டே. "இப்ப சாத்து."